நாடியைப் படித்த மருத்துவர்

மணிக்கட்டில், கட்டை விரலுக்குக் கீழே மூன்று விரல்களை மெல்ல வைத்தால் ஒரு துடிப்பு தெரியும். இதயம் ஒவ்வொரு முறை சுருங்கி இரத்தத்தை வெளியேற்றும்போதும் அந்தத் துடிப்பு எழுகிறது. ஓய்வாக இருக்கும் பெரியவர் ஒருவருக்கு அது நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை வரை, ஏறத்தாழ ஒரே சீராக எழும். நாடி பிடித்து நோயறியும் வழக்கம் நம் சித்த மருத்துவத்தில் நெடுங்காலமாகவே உண்டு. ஆனால், நாடி தாளம் தப்பித் துடித்தால் இதயத்தினுள் என்ன நடக்கிறது? எந்தத் தாளப் பிழை ஆபத்தானது? எது ஆபத்தில்லாதது? 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை இக்கேள்விகளுக்குத் தெளிவான விடை கிடைக்கவில்லை. அவ்விடையைத் தேடித் தம் வாழ்நாளைச் செலவிட்டவர், தொழிலாளர் நகரம் ஒன்றில் வீடு வீடாகச் சென்று நோயாளிகளைப் பார்த்த ஒரு பொது மருத்துவர். அவர்தாம் சர் ஜேம்ஸ் மெக்கன்சி.

ஜேம்ஸ் மெக்கன்சி 1853ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் ஸ்காட்லாந்தில், ஸ்கூன் என்னும் ஊருக்கு அருகில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளியில் அவர் சிறந்த மாணவராகக் கருதப்படவில்லை. பாடங்களை மனனம் செய்து ஒப்பிப்பது அவருக்குக் கடினமாக இருந்தது. ஏன், எப்படி என்று காரணம் விளங்கினால்தான் ஒரு செய்தி அவர் மனத்தில் நிலைத்தது. பதின்ம வயதிலேயே பள்ளியை விட்டு, பெர்த் நகரில் ஒரு மருந்துக்கடையில் தொழில் பழகினார். மருந்துகளைக் கலந்து கொடுத்துக்கொண்டிருந்த இளைஞருக்கு, அவை யாருக்கு, எதற்காகத் தரப்படுகின்றன என்பதை அறியும் ஆவல் பிறந்தது. எனவே, அவர் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1878ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றார்.

மறு ஆண்டு அவர் இங்கிலாந்தின் லங்காஷியர் மாவட்டத்திலுள்ள பர்ன்லி நகருக்கு வந்து சேர்ந்தார். அது பருத்தி நெசவு ஆலைகள் நிறைந்த ஊர். அங்கிருந்த தொழிலாளர்களின் வாழ்க்கை நம் தோட்டத்து மக்களுக்கு அந்நியமானதன்று. சி ரூசாவைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்கு விரைந்த நம் பாட்டன் பாட்டியரைப் போலவே, பர்ன்லி மக்களும் இருள் பிரியாத காலையில் ஆலைக்கு விரைந்தனர். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போய்விடும். ஆகவே, நெஞ்சு படபடத்தாலும் மூச்சு வாங்கினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்தவர்கள் பலர். மருத்துவரை நாடும்போது நோய் முற்றியிருக்கும்.

பர்ன்லிக்கு வந்த தொடக்க காலத்தில் நடந்த ஒரு துயரம் மெக்கன்சியை உலுக்கியது. அவருடைய பராமரிப்பில் இருந்த இளம் கர்ப்பிணி ஒருவருக்கு இதயநோய் இருந்தது. பிரசவ வலி கண்டபோது அப்பெண்ணின் இதயம் செயலிழந்தது. கண்ணெதிரே உயிர் பிரிந்தது. இந்த ஆபத்தை முன்கூட்டியே அறிந்திருக்க முடியாதா என்ற கேள்வி மெக்கன்சியை விடாமல் துரத்தியது. அவர் நூல்களைப் புரட்டினார். இதயத்தின் ஓசைகளைப் பற்றியும் நாடியின் மாற்றங்களைப் பற்றியும் அவற்றில் நிறையவே எழுதப்பட்டிருந்தன. ஆனால், அந்த அறிகுறிகள் உள்ளவர்கள் பின்னர் எப்படி வாழ்ந்தார்கள், யார் நலமாக இருந்தார்கள், யார் இறந்தார்கள் என்பதை எவரும் தொடர்ந்து கவனித்து எழுதி வைக்கவில்லை.

அந்தப் பணியைத் தாமே செய்வது என்று மெக்கன்சி முடிவு செய்தார். பெரிய மருத்துவமனைகளில் பணியாற்றிய வல்லுநர்கள் ஒரு நோயாளியைச் சில நாள்களோ சில வாரங்களோதான் பார்ப்பார்கள். பர்ன்லி மருத்துவரோ ஒரே குடும்பத்தைத் தாத்தா முதல் பேரன் வரை பார்க்கிறார். இதுவே தம்முடைய வாய்ப்பு என்று அவர் உணர்ந்தார். நாள் முழுவதும் நோயாளிகளைப் பார்த்த பிறகு, இரவில் அமர்ந்து குறிப்புகளை எழுதினார். மணிக்கட்டின் நாடியையும் கழுத்துச் சிரையின் துடிப்பையும் ஒரே நேரத்தில் தாளில் கோடுகளாக வரையும் கருவி ஒன்றை வடிவமைத்தார். அவ்வட்டாரக் கடிகாரத் தொழிலாளி ஒருவரின் துணையுடன் அக்கருவி மேம்படுத்தப்பட்டது. பாலிகிராஃப் எனப்பட்ட அக்கருவியைத் தூக்கிக்கொண்டு அவர் வீடு வீடாகச் சென்றார்.

இதயத்தில் நான்கு அறைகள் உள்ளன. மேலறைகள் இரண்டும் முதலில் சுருங்கி இரத்தத்தைக் கீழறைகளுக்குத் தள்ளும். பிறகு கீழறைகள் சுருங்கி அதை நுரையீரலுக்கும் உடல் முழுவதற்கும் அனுப்பும். மெக்கன்சியின் கருவி வரைந்த கோடுகளில், மேலறை சுருங்குவதைக் காட்டும் ஓர் அலை கழுத்துச் சிரையிலிருந்து பதிவாகும். பல ஆண்டுகளாக அவர் கவனித்துவந்த இதயநோயாளி ஒருவரின் நாடி, 1890களின் இறுதியில் திடீரெனத் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கியது. மெக்கன்சி கோடுகளை வரைந்து பழைய பதிவுகளோடு ஒப்பிட்டார். முன்பு தெளிவாகத் தெரிந்த மேலறை அலை காணாமற் போயிருந்தது. இதே மாற்றத்தைப் பின்னர் வேறு பலரிடமும் கண்டார். மேலறைகள் செயலற்றுப் போய்விட்டன என்று முதலில் எண்ணினார். பின்னர் அக்கருத்தை மாற்றிக்கொண்டு வேறொரு விளக்கத்தைத் தந்தார்.

உண்மையான விளக்கம் இன்னொரு கருவியால் கிடைத்தது. அக்கருவியை உருவாக்கிய வில்லம் ஐந்தோவன் 1860ஆம் ஆண்டு நம் அண்டைத் தீவான ஜாவாவின் செமாராங் நகரில் பிறந்தவர். சிறுவயதிலேயே தந்தையை இழந்து, தாயுடன் நெதர்லாந்துக்குச் சென்றவர். இதயத்தின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் அவருடைய கருவி ஏறத்தாழ 270 கிலோகிராம் எடை கொண்டது. இன்று கைப்பெட்டி அளவில் இருக்கும் இ.சி.ஜி. கருவியின் முன்னோடி அதுதான். 1909ஆம் ஆண்டு மெக்கன்சியின் இளம் நண்பர் தாமஸ் லூவிஸ் இக்கருவியைக் கொண்டு புதிருக்கு விடை கண்டார். மேலறைகள் செயலற்றுப் போகவில்லை; அவை நிமிடத்திற்கு 300 முறைக்கும் மேலாக, ஒழுங்கின்றி நடுங்கிக்கொண்டிருந்தன. அதனால் அவற்றால் முறையாகச் சுருங்க முடியவில்லை. இந்நிலையே மேலறை நடுக்கம், அதாவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படுகிறது. தம் விளக்கம் தவறென்று தெரிந்ததும் மெக்கன்சி வருந்தவில்லை. புதிய உண்மையை ஏற்றுக்கொண்டார்.

இந்த ஆய்வுகளால் இரண்டு நன்மைகள் விளைந்தன. முதலாவதாக, அவ்வப்போது ஒரு துடிப்பு முந்தி வருவது போன்ற சில தாளப் பிழைகளால் நலமான இதயத்திற்குப் பெரும்பாலும் தீங்கில்லை என்பதை மெக்கன்சி எடுத்துக்காட்டினார். இதயநோயாளி என்று முத்திரை குத்தப்பட்டுப் பயத்தில் படுத்துக் கிடந்த பலர் எழுந்து நடமாட இது வழி செய்தது. இரண்டாவதாக, டிஜிட்டாலிஸ் என்னும் மூலிகை மருந்து மேலறை நடுக்கம் உள்ளவர்களுக்கே மிகச் சிறப்பாகப் பயன்படுகிறது என்பதைக் கண்டறிந்தார். அம்மருந்து, ஓடி ஓடிக் களைத்த கீழறைகளின் வேகத்தைக் குறைத்து நோயாளிக்கு ஆறுதல் அளித்தது. தேவையற்ற பயம் ஒரு பக்கம், தேவையான சிகிச்சை மறு பக்கம். இரண்டையும் பிரித்துக் காட்டியதே அவருடைய பெருஞ்சாதனை.

1902ஆம் ஆண்டு நாடியைப் பற்றிய அவருடைய முதல் நூல் வெளிவந்தது. 1907ஆம் ஆண்டு, 54 வயதில், நன்கு நிலைபெற்ற தொழிலை விட்டுவிட்டு அவர் லண்டனுக்குச் சென்றார். மறு ஆண்டு இதயநோய்கள் பற்றிய நூலை வெளியிட்டார். 1915ஆம் ஆண்டு அவருக்குச் சர் பட்டம் வழங்கப்பட்டது.

இதற்கிடையில், இதயத்தைப் படித்தவரின் இதயமே நோயுற்றது. பர்ன்லியில் இருந்த காலத்திலேயே ஒரு முறை அவருடைய சொந்த நாடி தாளம் தப்பித் துடித்தது. பின்னர் நெஞ்சுவலியும் சேர்ந்துகொண்டது. மெக்கன்சி நோயை மறைக்கவுமில்லை, அதைக் கண்டு முடங்கவுமில்லை. உடல் தாங்கும் அளவை அறிந்து, அதற்கேற்பப் பணியை அமைத்துக்கொண்டார். மற்ற நோயாளிகளைக் கவனித்தது போலவே தம்மையும் கவனித்துக் குறிப்பெடுத்தார். நெஞ்சுவலி பற்றி 1923ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட நூலில், தம் பெயரைச் சொல்லாமல் தம் நோயின் வரலாற்றையும் சேர்த்தார்.

புகழின் உச்சியில் இருந்தபோதே, அவர் லண்டனை விட்டு ஸ்காட்லாந்தின் சிறிய நகரமான செயிண்ட் ஆண்ட்ரூசுக்குச் சென்றார். நோய் முற்றிய பின்னரே மக்கள் மருத்துவமனைக்கு வருகின்றனர். அதன் தொடக்கத்தைக் காணக்கூடியவர் அந்தந்த ஊர் மருத்துவரே என்பது அவர் கருத்து. எனவே, நோயின் மிகச் சிறிய ஆரம்ப அறிகுறிகளை ஆராய 1919ஆம் ஆண்டு அங்கு ஓர் ஆய்வுக் கழகத்தை நிறுவினார். பர்ன்லியில் இறந்த அந்த இளம்பெண் எழுப்பிய கேள்விக்கு அவர் இறுதிவரை விடை தேடிக்கொண்டிருந்தார். 1925ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் அவர் காலமானார். அவர் மறைந்த பின்னர், அவருடைய இதயத்தையே மருத்துவ நண்பர்கள் ஆராய்ந்து பதிவு செய்தனர்.

மெக்கன்சி காலத்தில் தெளிவாக அறியப்படாத ஓர் ஆபத்தைப் பிற்கால ஆய்வுகள் வெளிப்படுத்தின. மேலறைகள் சரிவரச் சுருங்காதபோது அங்கே இரத்தம் தேங்கி உறையக்கூடும். அந்த இரத்தக்கட்டி மூளைக்குச் சென்று குழாயை அடைத்தால் பக்கவாதம் உண்டாகும். மேலறை நடுக்கம் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்கு அதிகம். சிலருக்குப் படபடப்பு, மூச்சுத் திணறல், தலைசுற்றல், களைப்பு ஆகியவை தோன்றும். சிலருக்கோ எந்த அறிகுறியும் இராது. நோயைக் கண்டறிந்தால், இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளாலும் துடிப்பைக் கட்டுப்படுத்தும் மருந்துகளாலும் பலர் வழக்கமான வாழ்க்கை வாழ்கின்றனர். ஆனால், உடம்பு தேறிவிட்டது என்று நாமே மருந்தை நிறுத்துவது ஆபத்தை வரவழைப்பதாகும். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ நொடியும் தாமதிக்காமல் 999 என்ற எண்ணை அழைக்க வேண்டும். உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் ஊசிமருந்தைப் பொதுவாக முதல் நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்தியாக வேண்டும்.

மெக்கன்சி இரவு பகலாக உழைத்துத் தேடிய விடையை இன்று சில நிமிடங்களில் பெறலாம். சி ரூசாவில் வாழும் ஒருவர் போர்ட்டிக்சன் வட்டார அரசாங்கக் கிளினிக்கிலோ மருத்துவமனையிலோ இ.சி.ஜி. எடுத்துக்கொள்ள முடியும். மேல்சிகிச்சை தேவைப்படுவோருக்குச் சிரம்பானில் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனையும் கோலாலம்பூரில் தேசிய இருதயக் கழகமும் உள்ளன. வசதிகள் அருகில் வந்துவிட்டன. அவற்றை நாடிச் செல்லும் மனம்தான் வேண்டும். வயதாகிவிட்டால் நெஞ்சு படபடக்கத்தான் செய்யும் என்று வீட்டிலுள்ள பெரியவர் கூறினால், அவருடைய மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்கலாம். தாளம் தப்பினால் பயப்படவும் வேண்டாம், தள்ளிப்போடவும் வேண்டாம். உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே அறிவுடைமை.