மகப்பேறு விடுப்பு: செலவு யார் தலையில்? 1928-லேயே இந்தக் கணக்கைப் போட்ட அம்பேத்கர்

நீங்கள் 15 பேர் வேலை பார்க்கும் ஒரு சின்ன ஸ்டார்ட்அப்பில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டீமில் ஒருவர் மகப்பேறு விடுப்பில் போகிறார். சட்டப்படி 26 வாரம், சம்பளத்தோடு. அது அவருடைய உரிமை, அதில் விவாதமே இல்லை. ஆனால் அந்த ஆறு மாதச் சம்பளத்தை யார் கொடுக்கிறார்கள் என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா?

உங்களைப் போன்ற பல தனியார் ஊழியர்கள் விஷயத்தில் பதில் ஒன்றுதான்: கம்பெனி மட்டும். அந்த ஆறு மாதத்துக்கு வேறு ஆள் வைத்தால் அந்தச் சம்பளமும் சேரும். பெரிய நிறுவனம் தாங்கிக்கொள்ளும். 15 பேர் இருக்கும் கம்பெனி? அடுத்த இன்டர்வியூவில், சமீபத்தில் கல்யாணமான ஒரு பெண் எதிரே உட்காரும்போது அந்த முதலாளி மனசுல ஒரு கணக்கு ஓடும். வெளியே சொல்ல மாட்டாங்க. ஆனா ஓடும்.

ஒரு சட்டம் போடும் முன், அதன் செலவு எவ்வளவு, அது யார் தலையில் விழும் என்று பார்க்க வேண்டும் என்பதற்கு இது ஓர் உதாரணம். இதே கேள்விக்கு ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன்பே சட்டமன்றத்தில் பதில் சொன்னவர் உங்களுக்கு நன்றாகத் தெரிந்தவர்தான்: அம்பேத்கர்.

பொருளாதாரம் படித்த அம்பேத்கர்

அரசியலமைப்புச் சட்டத்தை வைத்தே அவரை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் அவருடைய முதல் படிப்பு பொருளாதாரம்.

1891 ஏப்ரல் 14 அன்று, இன்றைய மத்தியப் பிரதேசத்தில் இருக்கும் மாவ் என்ற ராணுவ முகாம் ஊரில் பிறந்தார். தந்தை ராம்ஜி ராணுவத்தில் சுபேதார். தீண்டாமையின் அத்தனை அவமானங்களையும் பள்ளியிலேயே அனுபவித்த அந்தப் பையன், பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். பிறகு லண்டன். 1923-ல் லண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு டி.எஸ்சி. பட்டம் கொடுத்தது. ஆய்வு, ரூபாயின் மதிப்பைப் பற்றியது.

கொலம்பியாவுக்காக அவர் செய்த ஆய்வு இன்னொன்று. பிரிட்டிஷ் இந்தியாவில் மத்திய அரசுக்கும் மாகாணங்களுக்கும் இடையே வருவாயும் செலவும் எப்படிப் பிரிக்கப்பட்டன என்பது அதன் பொருள். எளிமையாகச் சொன்னால், காசு யாரிடமிருந்து வருகிறது, பில் யார் கட்டுகிறார்கள் என்ற ஆராய்ச்சி. இந்தப் பார்வை அவரை விட்டுப் போகவே இல்லை.

1928: பம்பாய் சட்டமன்றம்

ஊர் திரும்பியவர் வக்கீல் தொழில் செய்துகொண்டு, பம்பாயின் பரேல் பகுதியில் ஒரு சால் குடியிருப்பில் வாழ்ந்தார். சால் என்றால் நம்ம ஊர் லைன் வீடு மாதிரி. சுற்றிலும் மில் தொழிலாளர்கள். அவருக்கும் ரமாபாய்க்கும் பிறந்த ஐந்து குழந்தைகளில் நான்கு பேர் சிறு வயதிலேயே இறந்துபோனார்கள். கடைசிக் குழந்தை இறந்தது 1926-ல்.

அடுத்த ஆண்டு பம்பாய் மாகாண சட்டமன்றத்தில் நியமன உறுப்பினராக உட்கார்ந்தார். 1928 ஜூலையில், ஆலைகளில் வேலை செய்யும் பெண்களுக்கு மகப்பேறு உதவி தரும் மசோதா விவாதத்துக்கு வந்தது. தொழில் நசிந்துவிடும், முதலாளி ஏன் இதைச் சுமக்க வேண்டும் என்று எதிர்ப்பு கிளம்பியது.

அம்பேத்கர் மசோதாவை ஆதரித்தார். ஆனால் செலவுக் கேள்வியைத் தட்டிக்கழிக்கவில்லை. பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன். மக்களின் நலனைக் காப்பது முதலில் அரசின் வேலை. எனவே சுமையின் பெரும்பகுதியை அரசுதான் ஏற்க வேண்டும் என்பது அவர் வாதம். அதோடு நிற்கவும் இல்லை. பெண்களை வேலைக்கு வைப்பதால் முதலாளிக்கு லாபம் கிடைக்கிறது, அதனால் அவரும் ஒரு பங்கு கொடுத்தே ஆக வேண்டும் என்றார்.

கவனிச்சுப் பாருங்க. சட்டம் வராவிட்டால் செலவே இல்லை என்று எதிர்த்தவர்கள் நினைத்தார்கள். அது தப்பு. அப்போதும் செலவு இருந்தது. ஓய்வில்லாமல் உடைந்த உடம்பாக, நோஞ்சான் குழந்தையாக, அந்தப் பெண் தனியாகக் கட்டிக்கொண்டிருந்த செலவு அது.

1929-ல் பம்பாய் மகப்பேறு உதவிச் சட்டம் வந்தது. நாட்டிலேயே முதல் சட்டம். 1930-களில் மதராஸ் மாகாணமும் பின்தொடர்ந்தது. ஆனால் பணம் கொடுக்கும் பொறுப்பு முதலாளி மீதே விழுந்தது. அம்பேத்கர் சொன்னதில் பாதிதான் சட்டமானது.

சட்டத்துக்கு முன் தகவல்

1942-ல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அவர் கைக்கு வந்தது. பதவியேற்ற அடுத்த மாதமே, ஆகஸ்ட் 7 அன்று டெல்லியில் முத்தரப்பு மாநாட்டைக் கூட்டினார். அரசு, முதலாளிகள், தொழிலாளர்கள் மூன்று தரப்பும் ஒரே மேசையில். நாடு முழுக்கப் பாதிக்கும் விஷயத்தை முதலில் பேசுவோம், பிறகு சட்டம் என்பது அதன் நோக்கம்.

1944-ல் ரேகே தலைமையில் ஒரு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. கூலி, வருமானம், வீடு என்று தொழில் தொழிலாகத் தகவல் திரட்டுவது அதன் வேலை. அதே ஆண்டு நிலக்கரித் தொழிலாளர் நல நிதி உருவானது. தனித்தனிச் சுரங்க முதலாளியிடம் கேட்காமல், அனுப்பப்படும் நிலக்கரிக்கு ஒரு சிறு வரி போட்டு அதிலிருந்து செலவு செய்தார்கள். வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த ஆலை வேலை 48 ஆகக் குறைந்தது 1946-ல்.

இன்னொரு முக்கியமான வேலையும் நடந்தது. தொழிலாளர்களுக்கான மருத்துவக் காப்பீடு பற்றி பேராசிரியர் அடார்க்கர் 1944-ல் அறிக்கை கொடுத்தார். அம்பேத்கர் அந்தத் துறையை விட்டுப் போன பிறகு, 1948-ல் இஎஸ்ஐ சட்டமாக அது வந்தது.

1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 42-வது பிரிவு, மகப்பேறு உதவிக்கு வழிசெய்யும் கடமையை அரசுக்குக் கொடுத்தது. வரைவுக் குழுவின் தலைவர் யார் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1956 டிசம்பர் 6 அன்று அவர் காலமானார்.

இன்று உங்களுக்கு இதுல என்ன?

இஎஸ்ஐ-யில் இருக்கும் பெண்ணுக்கு மகப்பேறுக் காலப் பணம் ஒரு பொது நிதியிலிருந்து வருகிறது. முதலாளி சம்பளத்தில் 3.25%, ஊழியர் 0.75% கட்டுகிறார்கள். ஆண், பெண் யாரை வேலைக்கு வைத்தாலும் ஒரே தொகை. அதனால் பெண்ணை எடுத்தால் கூடுதல் சம்பளச் செலவு என்ற கணக்குக்கே இடமில்லை.

ஆனால் 2017-ல் நிர்ணயித்த சம்பள வரம்பு மாதம் 21,000 ரூபாய். அதற்கு மேல் வாங்கினால் மொத்தமும் கம்பெனியின் பொறுப்பு. 12 வாரமாக இருந்த விடுப்பு அதே 2017-ல் 26 வாரமானது. 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைக் காப்பகமும் வேண்டும். பெண்களுக்குப் பெரிய வெற்றி. செலவைப் பங்கிடும் ஏற்பாடு மட்டும் கூடவே வரவில்லை. 2018-ல், குறைந்த சம்பளக்காரர்களுக்கு 7 வாரச் சம்பளத்தை முதலாளிகளுக்குத் திருப்பித் தரும் திட்டம் பரிசீலனையில் இருப்பதாக மத்திய தொழிலாளர் அமைச்சகம் சொன்னது. அதாவது, சட்டம் வந்த பிறகுதான் செலவு பேச்சுக்கு வந்தது.

முன்கூட்டியே பார்க்க வழி இல்லையா? இருக்கு. வரைவுச் சட்டத்தைக் குறைந்தது 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், வாழ்வாதாரத்தில் ஏற்படும் தாக்கத்தையும் நிதித் தாக்கத்தையும் சொல்ல வேண்டும் என்று 2014-ல் மத்திய அரசே ஒரு கொள்கை வகுத்தது. ஆனால் அது சட்டம் இல்லை. நாடாளுமன்றத்துக்கு வரும் மசோதாவோடு இணைக்கப்படும் நிதிக் குறிப்பும் அரசின் செலவைத்தான் சொல்லும். உங்கள் கம்பெனியின் செலவை அல்ல.

அடுத்த முறை ஒரு புதிய சட்டம் பற்றிய செய்தி உங்கள் போனில் வரும்போது, யாருக்கு நன்மை என்பதோடு பில் யார் கட்டுகிறார்கள் என்றும் தேடிப் பாருங்க. செலவு அதிகம் என்று யாராவது எதிர்த்தால் அவரிடமும் ஒன்று கேளுங்க: சட்டம் இல்லாத இன்று, அதே செலவை யார் சுமக்கிறார்கள்? 1928-ல் அம்பேத்கர் இந்த இரண்டு கணக்கையும் சேர்த்துத்தான் போட்டார்.