ஜான் சல்லிவன்

உலகில் புதுமையை விரும்புவோர் ஒரு சாரார். பழமையைப் பேணுவோர் மற்றொரு சாரார். முன்னவரால் நாடு வளர்கிறது. பின்னவரால் நாடு நிலைபெறுகிறது. இவ்விரு தன்மைகளும் ஒருவரிடத்தே அமைதல் அரிது. நீலகிரி மலைமீது உதகமண்டலம் என்னும் நகரைத் தோற்றுவித்த ஜான் சல்லிவன் அத்தகைய அரியவருள் ஒருவர். மலையின் தோற்றத்தையே மாற்றியவர் அவர்; ஆயினும், மக்கள் வழிவழியாகத் துய்த்துவரும் உரிமைகளையும், அரசர்களுக்கு எழுதிக் கொடுத்த உடன்படிக்கைகளையும் ஆள்வோர் தம் விருப்பம்போல் மாற்றலாகாது என்று வாழ்நாள் முழுவதும் வாதிட்டவரும் அவரே.

இளமையும் பணியும்

சல்லிவன் 1788 ஆம் ஆண்டு ஜூன் மாதம் இலண்டன் மாநகரில் பிறந்தார். அக்காலத்தில் இந்திய நாட்டின் பெரும்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியாரின் ஆட்சிக்கு உட்பட்டு வந்தது. கம்பெனிப் பணியில் எழுத்தராகச் சேர்ந்து, கடல் கடந்து இந்தியாவுக்கு வருவது ஆங்கிலேய இளைஞர் பலருடைய வழக்கமாக இருந்தது. சல்லிவனும் 1804 ஆம் ஆண்டில், தம் பதினாறாம் வயதை ஒட்டிச் சென்னைக்கு வந்து பணியேற்றார். படிப்படியாக உயர்ந்து, 1815 ஆம் ஆண்டில் கோயம்புத்தூர் மாவட்டத்தின் கலெக்டர் ஆனார். பதினைந்து ஆண்டுகள் அப்பதவியில் நீடித்தார்.

அவர் பொறுப்பேற்ற காலத்தில் அம்மாவட்டத்தின் நிருவாகம் சீர்கெட்டுக் கிடந்தது. முந்திய ஆண்டுகளில் கருவூலத்தைச் சார்ந்து பெரியதொரு மோசடி நிகழ்ந்திருந்தது. பின்னாளில் சென்னை ஆளுநராக விளங்கிய தாமஸ் மன்றோ அதனை ஆராயும் பணியை மேற்கொண்டார். சல்லிவனும் அவருடன் சேர்ந்து உழைத்தார். நாட்டு மக்களின் வழக்கங்களை அறியாமல் சட்டம் இயற்றுதல் தீங்கு பயக்கும் என்பது மன்றோவின் கொள்கை. அக்கொள்கை இளைஞராகிய சல்லிவனின் உள்ளத்திலும் ஆழ வேரூன்றியது.

மலைப் பயணம்

கோயம்புத்தூருக்கு வடமேற்கே நீல நிறத்துடன் வானளாவி நிற்கும் மலைத்தொடர் சல்லிவனின் கருத்தைக் கவர்ந்தது. சமவெளியில் வாழ்ந்த ஆங்கிலேயருள் அம்மலையின் உட்பகுதியை அறிந்தவர் மிகச் சிலரே. 1818 ஆம் ஆண்டில் சல்லிவனின் கீழ்ப் பணியாற்றிய விஷ், கிண்டர்ஸ்லி என்னும் இருவர் மலைமேல் ஏறிச் சென்று திரும்பினர். குளிர்ந்த காற்றும், பசும்புல் வெளிகளும், தெளிந்த நீரோடைகளும் அங்கே உண்டு என அவர்கள் அறிவித்தனர்.

அடுத்த ஆண்டு, அதாவது 1819 ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், சல்லிவன் தாமே ஒரு குழுவுடன் புறப்பட்டார். செங்குத்தான பாறைகளும் அடர்ந்த காடுகளும் காய்ச்சல் நோயும் வழிச்செல்வோரை வருத்தின. அத்தனையும் கடந்து மேலேறிய அவர், கோத்தகிரியை அடுத்த திம்பட்டி என்னும் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே ஓர் இல்லம் அமைத்தார். பின்னர்ச் சிறுமுகையிலிருந்து மலைக்கு ஒரு பாதை வெட்டப்பட்டது. 1823 ஆம் ஆண்டில் அது முற்றுப்பெற்றது. அப்பாதைக்காகப் பாறைகளைப் பிளந்து உழைத்தவர்களுள் சிறைக் கைதிகளும் இருந்தனர்.

புதிய நகரம்

1822 ஆம் ஆண்டில் சல்லிவன் மலையின் உட்புறமாக மேலும் சென்று, இன்று உதகமண்டலம் எனப்படும் இடத்தில் கல்லால் ஒரு வீடு கட்டத் தொடங்கினார். மலைவாழ் மக்கள் அதனைக் கல் பங்களா என அழைத்தனர். அவ்வீட்டைச் சுற்றி உருளைக்கிழங்கு முதலிய கிழங்கு வகைகளும், மேனாட்டுக் காய்கறிகளும், கனிமரங்களும் பயிரிடப்பட்டன. மழைநீரைத் தேக்கிப் பாசனத்துக்குப் பயன்படுத்தும் நோக்குடன் ஓர் ஏரியும் அமைக்கப்பட்டது. சல்லிவனின் மனைவியாகிய ஹென்ரியெட்டா, அம்மலையில் குடியேறிய ஐரோப்பியப் பெண்களுள் முதல்வர் ஆவார். 1826 ஆம் ஆண்டில் ஆளுநர் மன்றோவும் உதகைக்கு வந்து சல்லிவனின் விருந்தினராகத் தங்கினார்.

இவ்வாறு சில ஆண்டுகளுக்குள் புல்வெளி நகரமாயிற்று. வெப்பத்தாலும் நோயாலும் நலிந்த ஆங்கிலேயர் மலையை நாடி வரலாயினர். வருவோர் பெருகவே, நிலத்தின் தேவையும் பெருகிற்று. அப்பொழுது ஒரு பெரிய வினா எழுந்தது. இம்மலை யாருக்கு உரியது?

தோதவர் உரிமை

நீலகிரியில் பழங்குடியினர் பலர் வாழ்ந்து வந்தனர். தோதவர் எருமைகளை மேய்த்து, மந்து எனப்படும் சிற்றூர்களில் வாழ்ந்தனர். பால் கறக்கும் இடத்தையே அவர்கள் கோயிலாகக் கருதினர். படகர் நிலத்தை உழுது பயிரிட்டனர். கோத்தர் இரும்புக் கருவிகளும் மட்பாண்டங்களும் செய்தனர். குறும்பர் காடுபடு பொருள்களைத் தேடித் தந்தனர். ஒருவர் செய்வதை மற்றவர் பெற்றும், தம்மிடம் உள்ளதை மற்றவர்க்கு அளித்தும் இவர்கள் ஒரு முறையை வகுத்து வாழ்ந்தனர். படகர் தம் விளைச்சலில் ஒரு பங்கைத் தோதவர்க்கு ஆண்டுதோறும் அளித்து வந்தனர்.

தோதவரே மலையின் பழைய உரிமையாளர் என்றும், படகர் அளிக்கும் தானியம் அவ்வுரிமைக்குச் சான்று என்றும் சல்லிவன் கருதினார். ஆதலின், உரிய விலை கொடாமல் அவர்தம் நிலத்தை எடுத்தல் அரசாங்கத்துக்கும் தகாது என அவர் வலியுறுத்தினார். உதகையில் தாம் குடியேறியபோது அவர் தோதவரிடமிருந்தே நிலத்தை விலைக்கு வாங்கினார்.

இக்கருத்தை எதிர்த்தோர் பலர். 1827 ஆம் ஆண்டில் சென்னை ஆளுநராக வந்த ஸ்டீபன் லஷிங்டன் அவர்களுள் தலையாயவர். மலையைப் படைவீரர்களுக்குரிய உடல்நல விடுதியாக்குதல் அவருடைய திட்டம். தோதவர் நிலத்தை உழுதவரல்லர். எருமைகளை மேய்த்தவரே ஆவர். ஆகவே மேய்ச்சல் உரிமையன்றி நிலவுரிமை அவர்க்கு இல்லை என்பது எதிர்த்தோர் வாதம். நிலத்தை உழாதவன் அதற்கு உரியவன் ஆகான் என்னும் எண்ணம் மேனாட்டினரிடையே அக்காலத்தில் பரவியிருந்தது.

சல்லிவனின் நடத்தையிலும் குறை கண்டோர் உண்டு. மலைமேல் மற்ற ஐரோப்பியரைக் காட்டிலும் மிகுதியான நிலத்தைத் தம் வசம் வைத்திருந்தவர் அவரே. மேலும், தோதவர் பணத்தின் மதிப்பையும், நிலத்தை விற்றலின் பொருளையும் எந்த அளவு அறிந்திருந்தனர் என்பதும் எண்ணத்தக்கது. உரிமையைப் பேணவேண்டும் என்றவர், அவ்வுரிமை கைமாறுதற்கும் வழி திறந்துவிட்டார். இம்முரண்பாட்டை மறைத்து அவர் வரலாற்றைக் கூறுதல் முறையன்று. ஆயினும், தோதவர்க்கு உரிமை என ஒன்று உண்டு என்று அரசாங்க ஏடுகளில் அழுத்தமாக எழுதிவைத்தவர் அவர் என்பதும் மறக்கத்தக்கதன்று.

1830 ஆம் ஆண்டில் மலையின் பெரும்பகுதி கோயம்புத்தூர் மாவட்டத்தினின்று பிரிக்கப்பட்டு, மலபார் மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டது. சல்லிவனும் கலெக்டர் பதவியிலிருந்து விலகினார். பின்னர் அவர் வருவாய் வாரியத்தின் தலைவராகவும், ஆளுநரின் ஆலோசனைக் குழுவின் உறுப்பினராகவும் உயர்ந்தார். அப்பதவிகளில் இருந்தபோதும் தோதவரின் வழக்கை அவர் கைவிடவில்லை. முடிவில் 1843 ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்த கம்பெனி இயக்குநர்கள் தோதவர்க்கு மேய்ச்சல் உரிமையே உண்டு எனத் தீர்மானித்தனர். சல்லிவன் தோற்றார். பிற்காலத்தில் தேயிலைத் தோட்டங்களும் நகரங்களும் பெருகியபோது, தோதவரின் மேய்ச்சல் நிலங்கள் சுருங்கின.

துயரம்

இதற்கிடையில் சல்லிவனின் இல்லத்தில் பெருந்துயர் நிகழ்ந்தது. 1838 ஆம் ஆண்டில் அவருடைய மனைவியும் மகளும் உயிர் நீத்தனர். உதகையில் உள்ள புனித ஸ்டீபன் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் அவர்கள் அடக்கம் செய்யப்பட்டனர். தாம் உருவாக்கிய நகரின் மண்ணிலேயே தம் அன்புக்குரியவர்களை விட்டுவிட்டு, 1841 ஆம் ஆண்டில் சல்லிவன் பணியிலிருந்து ஓய்வு பெற்றார்.

இலண்டனில் எழுந்த குரல்

ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பிய அதிகாரிகள் பலர் இந்தியாவை மறந்து இன்பமாக வாழ்ந்தனர். சல்லிவனோ அவ்வாறு வாழ்ந்தாரல்லர். கம்பெனியின் பங்குதாரர் பேரவையில் அவர் இந்தியாவின் பொருட்டு எழுந்து பேசினார். மலைமேல் தோதவர்க்காக எந்த நெறியை வற்புறுத்தினாரோ, அதே நெறியை இந்திய நாடு முழுமைக்கும் அவர் வற்புறுத்தினார்.

அக்காலத்தில் டல்ஹௌசி பிரபு இந்தியாவின் தலைமை ஆளுநராக இருந்தார். ஆண் வாரிசின்றி ஓர் அரசர் இறப்பின், அவர் எடுத்துக்கொண்ட சுவீகாரப் புதல்வனை ஏற்காமல், அவ்வரசைக் கம்பெனி ஆட்சியோடு இணைத்துக்கொள்ளுதல் அவர் கையாண்ட முறை. 1848 ஆம் ஆண்டில் சதாரா அரசு அவ்வாறு இணைக்கப்பட்டது. சதாரா அரசருடன் கம்பெனியார் செய்துகொண்ட உடன்படிக்கை 1819 ஆம் ஆண்டில் எழுதப்பட்டது. சல்லிவன் முதன்முதலாக நீலமலை ஏறிய ஆண்டும் அதுவே. அவ்வுடன்படிக்கை அரசரின் வழித்தோன்றல்களுக்கும் உரிமை அளித்திருந்தது. மகப்பேறு இல்லாதவர் சுவீகாரம் செய்துகொள்ளுதல் இந்நாட்டின் தொன்மையான அறமுறை. அதனை மறுத்தல் வாக்குத் தவறுதலாகும் என்று சல்லிவன் வாதிட்டார். பேரவையினர் அவர் சொல்லைக் கேட்டனர், ஆனால் ஏற்கவில்லை.

அவர் சோர்ந்துவிடவில்லை. 1853 ஆம் ஆண்டில் கம்பெனியின் சாசனம் புதுப்பிக்கப்படவிருந்தபோது, இந்திய அரசர்களின் சார்பாக ஒரு நூலை வெளியிட்டார். ஓர் அரசு அழிந்தால் அரசர் மட்டும் அழிவதில்லை, அரசவையை நம்பி வாழ்ந்த கைவினைஞரும் வணிகரும் வறியராவர், தலைநகர் பொலிவிழக்கும், அந்நாட்டில் தங்க வேண்டிய செல்வம் கடல் கடந்து இங்கிலாந்து சேரும் என்பதை அந்நூலில் எடுத்துக்காட்டினார். நீரை உறிஞ்சி வேறிடத்தே பிழியும் கடற்பஞ்சுக்கு அவர் ஆங்கில ஆட்சியை ஒப்பிட்டார். உயர்பதவிகளில் இந்தியரை அமர்த்துதல் வேண்டும் என்பதும் அவர் கொள்கை.

ஆங்கில ஆட்சி அகலவேண்டும் என்று சல்லிவன் கூறினாரல்லர். அவர் அவ்வாட்சியின் ஊழியர். அதன் பயனைத் துய்த்தவர். ஆயினும், ஆட்சி நிலைபெறவேண்டுமாயின் அது நாட்டின் பழைய அமைப்புகளை இடிக்காமல், கொடுத்த வாக்கைக் காத்தல் வேண்டும் என்பதே அவருடைய அரசியல்.

மறைவும் பின்விளைவும்

1855 ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் சல்லிவன் இங்கிலாந்தில் காலமானார். இரண்டாண்டுகள் கழிந்தபின், 1857 ஆம் ஆண்டில் வட இந்தியாவில் பெருங்கிளர்ச்சி மூண்டது. அரசிழந்தோரின் மனக்குறை அதற்கு ஒரு காரணமாயிற்று. 1858 ஆம் ஆண்டில் கம்பெனி ஆட்சி முடிவுற்றது. அவ்வாண்டு நவம்பர்த் திங்களில் விக்டோரியா அரசியார் வெளியிட்ட பேரறிக்கை, இந்திய அரசர்களுடன் செய்த உடன்படிக்கைகள் காக்கப்படும் என உறுதி கூறியது. மக்களின் பழைய வழக்கங்களும் மூதாதையர் வழிவந்த நில உரிமைகளும் மதிக்கப்படும் எனவும் அறிவித்தது. எந்தக் கருத்துக்காகச் சல்லிவன் பேரவையில் தோற்றாரோ, அக்கருத்தை அரசாங்கமே ஏற்றது. அதனைக் காண அவர் உயிரோடு இல்லை.

உதகையில் அவர் கட்டிய கல் பங்களா இன்று அரசு கலைக் கல்லூரியைச் சார்ந்து விளங்குகிறது. கோத்தகிரியை அடுத்த அவரது முதல் இல்லம் நினைவகமாகப் போற்றப்படுகிறது. மந்துகள் சிலவற்றில் தோதவர் இன்றும் தம் பழைய முறைப்படி எருமைகளைப் பேணி வாழ்கின்றனர்.

சல்லிவன் குற்றமற்றவர் அல்லர். தாம் கொண்டுவந்த மாற்றத்தின் முழு விளைவையும் அவர் முன்னறிந்தாரல்லர். ஆனால், வலியவர் எளியவரிடம் நடந்துகொள்ள வேண்டிய முறையை அவர் உணர்ந்திருந்தார். உணர்ந்ததை ஆளுநர் எதிர்த்தபோதும் பேரவை புறக்கணித்தபோதும் மாற்றிக்கொள்ளாமல் கூறினார். புதியன படைக்க முற்படும் எவரும், அவ்விடத்தே முன்னரே வாழ்வோரின் உரிமையை முதலில் எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்பது அவர் வரலாற்றினின்று பெறத்தக்க படிப்பினை ஆகும்.