சீனாய்ச் சுவடி கண்ட திஷெண்டோர்ப்

வேதாகமத்தின் மூலபாடத்தை ஆராய்வோருள் கான்ஸ்டன்டீன் திஷெண்டோர்ப் என்னும் பெயரை அறியாதார் இலர். சாக்ஸனி நாட்டிலே 1815-ஆம் ஆண்டிற் பிறந்த இப்பெரியார், பாரிஸ் நகரத்திலிருந்த தோற்சுவடி ஒன்றில், எப்ரேம் முனிவரின் நூலுக்கடியில் மங்கிக் கிடந்த பழைய வேத எழுத்துக்களை அரும்பாடுபட்டுப் படித்து வெளியிட்டு, முப்பது வயது நிரம்புமுன்னரே பெரும்புகழ் எய்தினார்.

1844-இல் அவர் சீனாய் மலையடியிலுள்ள பரிசுத்த கத்தரீனாள் மடத்திற்குச் சென்றார். அங்கே நெருப்பிலிட வைத்திருந்த கூடையொன்றில் 129 பழந்தோலேடுகளைக் கண்டதாகவும், அவற்றுள் 43 ஏடுகளைக் கேட்டுப் பெற்றதாகவும் அவரே பிற்காலத்து எழுதினார். மடத்தார் இக்கூடைக் கதையை மறுப்பர். பல நூற்றாண்டுகளாகக் காத்துவந்தவர்கள் அன்றைக்குமட்டும் எரிக்கத் துணிந்தனர் என்பது நமக்கும் எளிதில் நம்பற்பாலதாகத் தோன்றவில்லை.

1846-இல் அவ்வேடுகளை அச்சிட்டபொழுது, தம் அரசர் பெயரை அவற்றிற்குச் சூட்டினாரேயன்றி, அவை கிடைத்த இடத்தை வெளியிட்டாரில்லை. எஞ்சியவற்றைப் பிறர் கொண்டுபோய்விடுவர் என்னும் அச்சமே காரணம். ஏடு கிடைத்த ஊரையும் அதனை உடையாரையும் முகவுரையிலேயே கூறுதல் பதிப்பாசிரியர் கடன் என்று வகுப்பிலே கேட்டுவரும் நமக்கு, இத்துணைப் பெரும்புலவர் செய்த இம்மறைப்பு வியப்பையும் வருத்தத்தையும் ஒருங்கே தருகின்றது.

1853-இல் மீண்டும் சென்றார், பயன் சிறிதே. 1859-இல் ருஷியச் சக்கரவர்த்தியின் ஆதரவோடு மூன்றாம் முறை சென்று, வெறுங்கையோடு திரும்பவிருந்த தறுவாயில், மடத்துக் காரியஸ்தர் தம் அறையிலிருந்து செந்துணியிற் பொதிந்த கட்டொன்றைக் கொணர்ந்து காட்டினார். நான்காம் நூற்றாண்டுக் கையெழுத்து. புதிய ஏற்பாடு முழுமையும் அதிலே இருந்தது! அன்றிரவு அவர் உறங்காது, அதிலிருந்த பர்னபாவின் நிருபத்தைப் பிரதிசெய்து கொண்டிருந்தார்.

அச்சிடுதற்கு இரவலாகப் பெறுவதாகவும், மடத்தார் கேட்டவுடன் பழுதின்றித் திருப்பிக் கொடுப்பதாகவும் அவ்வாண்டு செப்டம்பரிலே கைச்சாத்திட்டுக் கொடுத்துச் சுவடியைப் பீட்டர்ஸ்பர்க்கிற்குக் கொண்டுபோனார். 1862-இல் நான்கு பெருந்தொகுதிகள் வெளிவந்தன. பதிப்பிலே நாம் குறை காணப் புகவில்லை. அவர் உழைப்பை எண்ணுந்தோறும் தலைவணங்குகின்றோம். ஆனால் சுவடி திரும்பவில்லை. தலைவர் யார் என்னும் வழக்கால் மடம் கலங்கியிருந்த ஆண்டுகளின் முடிவில், 1869-இல், அதனைத் தானமாக எழுதி வாங்கினர். ஈடாக 9000 ரூபிள் அளித்தனர்.

திஷெண்டோர்ப் 1874-இல் காலமானார். சோவியத் அரசினர் 1933-இல் சுவடியை பிரிட்டிஷ் மியூசியத்திற்கு 1,00,000 பவுனுக்கு விற்றனர். 1975-இல் மடத்திலே மூடுண்டு கிடந்த அறையொன்றில் அதே சுவடியின் 12 ஏடுகள் அகப்பட்டன. நான்கு இடங்களிற் சிதறிய ஏடுகள் 2009-இல் இணையத்திலே படங்களாக ஒன்றுசேர்ந்தன. அவ்வேடுகள் பன்னிரண்டோடு, இரவலுக்கு அவர் எழுதித்தந்த கைச்சாத்தும் சீனாய் மடத்திலேயே இருக்கின்றது.