ஆனந்தரங்கப் பிள்ளை: ஒரே எழுத்து, இரண்டு அர்த்தம், ஒரு துபாசியின் வாழ்க்கை

கம்பெனி, கவர்னர், கவுன்சில், ஆர்மி, மெர்ச்சன்ட். தினமும் நம்ம காதில் விழும் ஆங்கிலச் சொற்கள் இவை. பிரெஞ்சில் இவற்றை கொம்பாஞி, குவெர்னர், கொன்செய், ஆர்மே, மர்ஷான் என்பார்கள். கேட்டாலே பங்காளிகள் மாதிரி இருக்கிறதா? பங்காளிகள்தான். 1066-ல் பிரான்ஸின் நார்மண்டி பகுதியை ஆண்ட வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தார். அதன் பிறகு பல தலைமுறைகளுக்கு அங்கே அரசவை மொழி பிரெஞ்சு. ஆட்சி, சட்டம், போர், வரி தொடர்பான சொற்கள் ஆங்கிலத்துக்குள் கூட்டமாக வந்து சேர்ந்தது அப்படித்தான்.

அதாவது 18-ம் நூற்றாண்டில் சென்னையில் இருந்த ஆங்கிலக் கம்பெனியும் புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுக் கம்பெனியும் கிட்டத்தட்ட ஒரே சொற்களை வைத்துக்கொண்டு ஒன்றையொன்று அழிக்கப் பார்த்தன. அந்தச் சண்டையை உள்ளே இருந்து பார்த்து, தமிழில் எழுதி வைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை.

யார் இவர்?

1709 மார்ச் 30 அன்று சென்னை பெரம்பூரில் பிறந்தவர். அப்பா திருவேங்கடம் பிள்ளை வியாபாரி. உறவினர் நைனியப்ப பிள்ளை அப்போது புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாசி. அவர் அழைத்ததால் குடும்பம் அங்கே குடியேறியது.

துபாசி என்றால் இரண்டு பாஷை தெரிந்தவர். ஆனால் வேலை மொழிபெயர்ப்போடு முடியாது. நெசவாளர்களிடமிருந்து துணி வாங்கித் தர வேண்டும், கடனுக்குப் பொறுப்பேற்க வேண்டும், நவாப்களோடு பேச வேண்டும், ஊர் வழக்குகளையும் தீர்த்து வைக்க வேண்டும். இன்றைய கணக்கில் சப்ளை செயின், சட்டம், வெளியுறவு எல்லாம் ஒரே ஆள் தலையில்.

வேலையில் எவ்வளவு ஆபத்து?

குடும்பமே அதற்குச் சாட்சி. கவர்னர் எபேர் காலத்தில் நைனியப்ப பிள்ளை கைதாகி, சொத்துகளை இழந்து, 1717-ல் சிறையிலேயே இறந்தார். அவர் மகன் குருவப்ப பிள்ளை விடவில்லை. கப்பலேறி பிரான்ஸ் வரை போய் நியாயம் கேட்டார். அங்கே கிறிஸ்தவரானார், செவாலியே பட்டம் பெற்றார், புதுச்சேரிக்குத் திரும்பி வந்து அதே பதவியில் உட்கார்ந்தார்.

இதையெல்லாம் பார்த்து வளர்ந்த பையன்தான் ஆனந்தரங்கன். பிறகு பரங்கிப்பேட்டையில் கம்பெனியின் வணிகப் பொறுப்பைக் கவனித்தார், சொந்த வியாபாரமும் செய்தார். 1736 செப்டம்பரில் நாட்குறிப்பு எழுத ஆரம்பித்தார். கப்பல் வந்தது, சரக்கு விலை, யாருக்கு என்ன தண்டனை, கவர்னர் என்ன மனநிலையில் இருந்தார் எல்லாமே அதில் உண்டு. இலக்கியத் தமிழ் இல்லை. அன்றைக்குப் பேசிய தமிழ்.

துப்ளேக்ஸ் வந்த பிறகு?

1742-ல் துப்ளேக்ஸ் கவர்னரானார். 1746-ல் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்தது. அதே ஆண்டு தலைமைத் துபாசி கனகராய முதலியார் இறந்தார். காலியான இடத்துக்குக் கடும் போட்டி. அது கிறிஸ்தவருக்கே போக வேண்டும் என்று பாதிரிமார் விரும்பினர். கவர்னரின் மனைவி ழான் அம்மையாரும் பிள்ளைக்குச் சாதகமாக இல்லை. இருந்தாலும் 1747-ல் பதவி பிள்ளைக்கே கிடைத்தது.

அடுத்த சில ஆண்டுகள் உச்சம். தக்காணத்தின் ஆட்சிக்கு வந்த முசாபர் ஜங் அவருக்கு 3,000 குதிரைகளுக்கான மன்சப் கொடுத்தார். செங்கல்பட்டு ஜாகீரும் வந்தது. ஆனந்தப்புரவி என்ற சொந்தக் கப்பலும் அவருக்கு இருந்தது.

அவர் பதவியின் பெயரில் என்ன சிக்கல்?

பிரெஞ்சு ஆவணங்களில் அவர் ஒரு கூர்த்தியே. இதே எழுத்துகளை ஆங்கிலக்காரர் படித்தால் கோர்ட்டியர், அதாவது அரசவையில் இடம் பெற்றவர் என்று புரிந்துகொள்வார். பிரெஞ்சில் அதற்குத் தரகர் என்று பொருள். ஆங்கிலச் சொல் அரசவையிலிருந்து வந்தது. பிரெஞ்சுச் சொல்லுக்கு வேர், ஓடுதல். வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவே ஓடுகிறவர்.

பிள்ளையின் வாழ்க்கை இந்த இரண்டு அர்த்தங்களுக்கு நடுவேதான் நடந்தது. ஊர் பார்த்தது ஜாகீர்தாரை, பல்லக்கில் போகும் பிரபுவை. கம்பெனி பார்த்தது தரகரை. துணி வந்தால் மரியாதை, வராவிட்டால் கேள்வி. 1754-ல் துப்ளேக்ஸைத் திருப்பி அழைத்தார்கள். அடுத்த இரண்டே வருஷத்தில் பிள்ளையின் பதவியும் போனது. மன்சப், பட்டம், முப்பது வருஷ உழைப்பு எதுவும் அதைக் காப்பாற்றவில்லை.

பெயர் வைப்பவர் கையில்தான் அதிகாரம் என்பதற்கு இன்னொரு உதாரணம் உண்டு. அந்தக் காலப் பிரெஞ்சுக்காரர்கள் தமிழர்களை மலபார்கள் என்றே எழுதினார்கள். இன்றைக்குத் திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தைப் போய் மலபாரா என்று கேட்டுப் பாருங்கள். கோழிக்கோடு பக்கம் சொந்தக்காரர்கள் யாரும் இல்லையே என்பார்கள்!

முடிவு எப்படி?

1761 ஜனவரியில் ஆங்கிலேயர் முற்றுகையில் பட்டினி கிடந்து புதுச்சேரி வீழ்ந்தது. அதே மாதம், நகரம் கைமாறிய அந்த நாட்களில், பிள்ளையும் காலமானார். வயது 51. பிறகு புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பியது. ஆனால் தென்னிந்தியா யாருடைய மொழியில் நிர்வாகம் நடத்தும் என்பது ஏறக்குறைய முடிவாகிவிட்டது.

நாட்குறிப்பு 1846-ல்தான் வெளி உலகத்துக்குத் தெரிந்தது. சென்னை அரசு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக அதை ஆங்கிலத்தில் வெளியிட்டது. பிரபஞ்சனின் மானுடம் வெல்லும், வானம் வசப்படும் நாவல்களுக்கும் அதுவே அடித்தளம்.

இன்றும் பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவரைப் புதுச்சேரி மக்கள் சொல்தா என்கிறார்கள். சென்னையில் அவர் சோல்ஜர். இரண்டுக்கும் அடியில் இருப்பது வீரம் இல்லை, சம்பளக் காசு. கம்பெனிகளின் போரில் யார் எதற்காக நின்றார்கள் என்பதை, 25 ஆண்டுகள் கணக்கெழுதிய அந்தத் துபாசி நன்றாகவே அறிந்திருப்பார்.