ஹகீம் இப்னு ஸீனா

புகாரா நகரையடுத்த அஃப்ஷனா என்னும் சிற்றூரில் ஹிஜ்ரி 370-ல் (கி.பி. 980) பிறந்தவர் அபூ அலீ இப்னு ஸீனா. தந்தை அப்துல்லாஹ், ஸாமானி அரசில் அதிகாரியாக இருந்தவர். பத்து வயதிலேயே திருக்குர்ஆனை ஓதி முடித்த இப்னு ஸீனா, பதினாறாம் வயதில் நோயாளிகளைக் கவனிக்கத் தொடங்கிவிட்டார். விளங்காத மஸ்அலா எதிர்ப்பட்டால் பள்ளிவாசலுக்குச் சென்று தொழுது, தெளிவை வேண்டி துஆச் செய்வது அவர் வழக்கம். அமீர் நூஹ் இப்னு மன்ஸூரின் சிகிச்சையில் பங்கேற்ற அவர், அரண்மனை நூலகத்தில் நுழைய அனுமதி கேட்டுப் பெற்றார்.

ஜுர்ஜானில் தொடங்கி, ஹமதானிலும் தொடர்ந்து அவர் எழுதிய 'அல்கானூன் ஃபித்திப்' 5 பாகங்கள் கொண்டது. 12-ஆம் நூற்றாண்டில் லத்தீனுக்குச் சென்ற அந்நூல், ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் பாடமாக இருந்தது.

அதன் முதல் பாகத்தில், ஆரோக்கியத்தைப் பேண முதலில் தேகப்பயிற்சி, அடுத்து உணவு, பின்னர் உறக்கம் என்று அவர் வரிசைப்படுத்துகிறார். முன் உண்ட உணவு செரிக்காமல் பயிற்சி கூடாது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் உடம்பைத் தேய்த்துவிட வேண்டும். தேய்ப்பதிலும் அளவுண்டு: மிகுதியாகத் தேய்த்தால் உடல் மெலியும், நடுத்தரமாகத் தேய்த்தால் தசை வளரும். காய்ச்சலில் தளர்ந்தவருக்கு ஊஞ்சலின் மென்மையான அசைவே போதிய பயிற்சி. முதியோருக்கு உணவைச் சிறிது சிறிதாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

அன்பர்களே! நம் இல்லங்களில் வாதத்தால் படுத்துவிட்ட பெரியவருக்குப் பிஸியோதெரபி நிபுணர் வந்து கைகால்களை அசைக்கச் சொல்லித் தருகிறார். நாமோ பத்தியம் என்று வெறும் கஞ்சியை மட்டும் கொடுத்து வருகிறோம். படுக்கையில் கிடப்பவரின் தசை நாளுக்கு நாள் கரைகிறது. அதைத் திரும்பக் கட்டப் பயிற்சி வேண்டும்; கட்டுவதற்குப் பொருளாகப் புரதமும் வேண்டும். இன்றைய மருத்துவம் கூறுவது இதுவே. முட்டை, மீன், பருப்பு, பால் ஆகியவற்றை மருத்துவரிடம் கேட்டு, அவர் சொல்லும் அளவில் கொடுங்கள். சர்க்கரை நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்களுக்கு இது மிக அவசியம்.

இத்தனையும் எழுதிய இப்னு ஸீனா, தம் உடல் விஷயத்தில் அவசரப்பட்டார். கடுமையான வயிற்று நோய் கண்டபோது, படையுடன் பயணம் தடைப்படுமே என்று அஞ்சி, ஒரே நாளில் பலமுறை சிகிச்சை செய்துகொண்டார், குடல் புண்ணாயிற்று. சற்றுத் தேறியதும் பத்தியத்தைப் பேணவில்லை. நோய் திரும்பத் திரும்ப வந்தது. இறுதியில் மருந்தை நிறுத்தி, தவ்பாச் செய்து, பொருளை ஏழைகளுக்கு ஸதகா கொடுத்து, அடிமைகளை விடுதலை செய்து, குர்ஆன் ஓதுவதில் ஈடுபட்டார். ஹிஜ்ரி 428 (கி.பி. 1037) ரமலானில் ஹமதானில் வபாத்தானார்.

உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைப் பேணும் முறையை அறிந்திருந்தால் மட்டும் போதாது; பொறுமையோடு கடைப்பிடிக்கவும் வேண்டும். அதற்கு வல்ல நாயன் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.