மேகநாத் சாகா: விலக்கப்பட்ட பந்தியிலிருந்து நாடாளுமன்றம் வரை

விண்மீன்களின் வெப்பநிலையைக் கணிக்க உலகிற்கு வழிகாட்டிய மேகநாத் சாகா, 1893 அக்டோபர் 6 அன்று டாக்காவை அடுத்த சிற்றூரொன்றில் சிறு கடைக்காரரின் மகனாகப் பிறந்தார். சாகா சமூகம் இன்றைய பட்டியல் சாதிகளுள் அடங்காது. எனினும் அன்றைய வங்கச் சாதியடுக்கில் அது தாழ்த்தியே வைக்கப்பட்டிருந்தது. பள்ளிக்காலத்தில் அவருக்கு அடைக்கலம் தந்த மருத்துவரின் வீட்டில், உண்ட தட்டை அவரே கழுவிக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பயின்றபோதோ, ஈடன் இந்து விடுதியின் ஆதிக்கச் சாதி மாணவர்கள் அவருடன் ஒரே பந்தியில் அமர மறுத்தனர். சரஸ்வதி பூசையிலும் அவருக்கு இடமில்லை.

1920இல் அவர் வெளியிட்ட அயனியாக்கச் சமன்பாடு, விண்மீன்களின் நிறமாலைக் கோடுகள் வேறுபடுவதற்கு வெப்பநிலையே முதன்மைக் காரணம் என்பதை விளக்கியது. 1927இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

ஆயினும் சாகா ஆய்வகத்துக்குள் ஒதுங்கவில்லை. அறிவியலை மக்கள் மன்றத்தில் விவாதிக்க 1935இல் 'சயின்ஸ் அண்ட் கல்ச்சர்' இதழைத் தொடங்கினார். 1943இல் தாமோதர் ஆறு பெருக்கெடுத்துப் பேரழிவு விளைத்தபின் அமைந்த விசாரணைக் குழுவில் இடம்பெற்றார். அதன் வழியே உருவான பள்ளத்தாக்குத் திட்டத்தை, வைசிராய் அவையின் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர் முன்னெடுத்தார். 1952இல் கல்கத்தாவிலிருந்து மக்களவைக்குத் தேர்வான சாகா, அணு ஆற்றல் துறையைச் சூழ்ந்திருந்த இரகசியத்தை அங்கே கேள்விக்குள்ளாக்கினார். பொதுப்பணத்தில் நடக்கும் அறிவியல் மக்கள் பிரதிநிதிகளின் ஆய்வுக்கு உட்பட்டது என்பதே அவரது நிலைப்பாடு. 1956 பிப்ரவரி 16 அன்று டில்லியில் அவர் காலமானார்.

அவர் வாழ்வைப் போற்றுவோர் அதன் மறுபக்கத்தையும் காண வேண்டும். தாமோதர் திட்டத்தின் மைதான், பாஞ்செத் அணைகள் சந்தால் பழங்குடியினர் உள்ளிட்ட பல்லாயிரவரை நிலத்திலிருந்து பெயர்த்தன. அத்திட்டத்தை வகுத்த அவைகளில் அவர்களுக்கு இருக்கை இல்லை. 2007இல் தோரட் குழு, டில்லி எய்ம்ஸ் விடுதிகளில் தலித், பழங்குடி மாணவர்கள் பாகுபாட்டுக்கு உள்ளாவதைப் பதிவு செய்தது. ஈடன் விடுதியின் பந்தி அந்நிய ஆட்சியோடு முடிந்துவிடவில்லை. அறிவியலை யார் செய்கிறார், அதன் விலையை யார் கொடுக்கிறார் என்னும் இரு கேள்விகளும் ஆய்வகத்துக்குப் புறம்பானவை அல்ல. அரசமைப்புச் சட்டம் உறுதியளித்த சமத்துவத்தின் கேள்விகள் அவை.