19 எம்எல்ஏக்கள் கையில் ஒரு ஆட்சி: 1952-ல் கணக்கை மாற்றிய ராமசாமி படையாட்சியார் யார்?

தேர்தல் ரிசல்ட் நாளில் கரியாலூர் டீக்கடையில் இருந்தாலும் சரி, சென்னை ஐடி ஆபீஸில் இருந்தாலும் சரி, நாம் செய்வது ஒன்றுதான். போனை எடுத்து, யாருக்கு எத்தனை சீட் என்று பார்ப்போம். ஒரு கட்சி மெஜாரிட்டியைத் தாண்டிவிட்டால் கதை முடிந்தது. தாண்டவில்லை என்றால்தான் கதையே ஆரம்பம். யார் யாரோடு சேர்வார்கள், சின்னக் கட்சிகள் எந்தப் பக்கம் சாயும், ஆளுநர் யாரைக் கூப்பிடுவார்?

இந்தப் படத்தைத் தமிழ்நாடு முதல் பொதுத்தேர்தலிலேயே பார்த்துவிட்டது. 1952-ல் நடந்த அந்தக் கதையில் சாவி இருந்தது கடலூரைச் சேர்ந்த 33 வயது இளைஞர் ஒருவரிடம். பெயர் எஸ்.எஸ்.ராமசாமி படையாட்சியார். இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டம் அப்போது அவருடைய தென்னாற்காடு மாவட்டத்துக்குள்தான் இருந்தது.

யார் இவர்?

1918 செப்டம்பர் 16-ல் பிறந்தவர். பள்ளிப் படிப்போடு பொது வாழ்க்கைக்கு வந்து, கடலூர் நகராட்சித் தலைவர் ஆனவர். தென்னாற்காட்டில் வன்னியர்கள் எண்ணிக்கையில் பெரிய சமூகம். பெரும்பாலும் சிறு விவசாயிகள், கூலி வேலை செய்பவர்கள். ஆனால் அரசு வேலையிலும் சட்டமன்றத்திலும் அவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். இந்த இடைவெளிதான் அவருடைய அரசியலின் தொடக்கப்புள்ளி.

1949-ல் மாவட்ட போர்டு தேர்தல் வந்தது. சுதந்திரம் வாங்கித் தந்த கட்சி என்ற பெயரோடு காங்கிரஸ் உச்சத்தில் இருந்த நேரம் அது. அந்தக் காங்கிரஸை எதிர்த்தே வன்னியர் சங்கம் களத்தில் இறங்கி, தென்னாற்காட்டில் 52 இடங்களில் 22-ஐப் பிடித்தது. சங்கமாகக் கூடினால் மனு கொடுக்கலாம், ஓட்டாகத் திரண்டால் பேரம் பேசலாம் என்பது அன்றைக்குப் புரிந்துவிட்டது.

கட்சி எப்படிப் பிறந்தது?

பொதுத்தேர்தல் நெருங்கியபோது காங்கிரஸிடம் தங்கள் பங்குக்கு சீட் எதிர்பார்த்தார்கள். எதிர்பார்த்த அளவுக்குக் கிடைக்கவில்லை. விளைவு, இரண்டு கட்சிகள். தென்னாற்காடு, சேலம் பக்கம் ராமசாமி படையாட்சியாரின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி. வடாற்காடு, செங்கல்பட்டு பக்கம் எம்.ஏ.மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி.

தேர்தலில் நேரடியாக நிற்காத திமுக, திராவிட நாடு கோரிக்கையை ஏற்கும் வேட்பாளர்களை ஆதரித்தது. இந்த இரண்டு கட்சிகளுக்கும் அந்த ஆதரவு கிடைத்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வரும்.

ரிசல்ட் என்ன ஆச்சு?

அன்றைய சென்னை மாகாணம் என்பது இன்றைய தமிழ்நாடு மட்டுமல்ல. ஆந்திரா, மலபார், தென் கன்னடம் எல்லாம் சேர்ந்த 375 சீட். மெஜாரிட்டிக்கு 188 வேண்டும்.

காங்கிரஸுக்குக் கிடைத்தது 152. முதல்வர் குமாரசாமி ராஜாவே ஸ்ரீவில்லிபுத்தூரில் தோற்றார். அமைச்சர் பக்தவத்சலமும் தோற்றார். கம்யூனிஸ்ட் கட்சி 62 இடங்களோடு இரண்டாவது வந்தது. உழைப்பாளர் கட்சிக்கு 19, காமன்வீலுக்கு 6. மக்களவையிலும் முறையே 4, 3 இடங்கள். பிறந்து சில மாதங்களே ஆன கட்சிகளுக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

ஆட்சி யார் கைக்குப் போனது?

முதலில் எதிர்க்கட்சிகள் வேகமாக நகர்ந்தன. ஆந்திரத் தலைவர் டி.பிரகாசம் தலைமையில் ஐக்கிய ஜனநாயக முன்னணி அமைந்தது. தங்களிடம் 166 பேர் இருப்பதாக உரிமை கோரினார்கள். காங்கிரஸைவிட 14 பேர் அதிகம். அந்த 166-க்குள் உழைப்பாளர் கட்சியின் 19 பேரும் காமன்வீலின் 6 பேரும் இருந்தார்கள்.

அடுத்து வந்தது ட்விஸ்ட். கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்துவிடக் கூடாது என்று நினைத்த காங்கிரஸ், ராஜாஜியைக் கொண்டுவந்தது. கவர்னர் ஜெனரலாக இருந்து ஓய்வு பெற்ற அவருக்கு அப்போது 73 வயது. அவர் தேர்தலிலேயே நிற்கவில்லை. ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவரை மேலவைக்கு நியமித்து, ஆட்சி அமைக்க அழைத்தார். 1952 ஏப்ரல் 10-ல் ராஜாஜி முதல்வரானார். இந்த நியமனத்தை எதிர்த்து கம்யூனிஸ்ட் தலைவர் பி.ராமமூர்த்தி உயர் நீதிமன்றம் போனார். வழக்கு தள்ளுபடியானது.

முதல்வர் நாற்காலி கிடைத்தாச்சு. சபையில் மெஜாரிட்டிக்கு எங்கே போவது? மாணிக்கவேலு நாயக்கர் வருவாய்த் துறை அமைச்சரானார், காமன்வீல் இந்தப் பக்கம் வந்தது. ராமசாமி படையாட்சியாரின் 19 பேர் அமைச்சரவையில் சேரவில்லை. ஆனால் வெளியிலிருந்து ஆதரவு தந்தார்கள். முஸ்லிம் லீக்கின் 5 பேர், சுயேச்சைகள் என்று மற்றவர்களும் சேர்ந்தார்கள். ஜூலையில் நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் ஆதரவு 200, எதிர்ப்பு 151.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த 19 பேர் எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்தால் ஆதரவு 181, எதிர்ப்பு 170. அரசு பிழைத்திருக்கும், ஆனால் நூலிழையில். அதோடு 6 பேரும் போயிருந்தால் 175-க்கு 176. ஆட்சி கவிழ்ந்திருக்கும்.

இது கட்சித் தாவல் இல்லையா?

இன்றைக்கு இருக்கும் கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985-ல் வந்தது. அப்போது அப்படி எதுவும் இல்லை. சொல்லப்போனால், ஒரு கட்சி தன் எம்எல்ஏக்கள் எல்லோரோடும் சேர்ந்து கூட்டணி மாறினால் இன்றும் அந்தச் சட்டம் தடுக்காது. எம்எல்ஏ தன் கட்சியை விட்டுத் தாவினால் பதவி போகும்.

சட்டம் ஒரு பக்கம், நியாயம் ஒரு பக்கம். காங்கிரஸ் வேண்டாம் என்று குத்திய ஓட்டு காங்கிரஸ் ஆட்சிக்கே முட்டுக் கொடுத்தது என்பது அன்றைய விமர்சனம். எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தால் என் மக்களுக்கு என்ன கிடைக்கும் என்பது மறுபக்கக் கேள்வி. இரண்டிலும் அர்த்தம் இருக்கிறது. அதனால்தான் 70 ஆண்டு தாண்டியும் இந்த விவாதம் முடியவில்லை.

அமைச்சர் ஆனது எப்போது?

1953 அக்டோபரில் ஆந்திரா தனி மாநிலமானது. 375 பேர் இருந்த சபை 230 பேராகச் சுருங்கியது. அந்த 19 பேரும் தமிழ்ப் பகுதிக்காரர்கள் என்பதால் அவர்கள் எண்ணிக்கை குறையவில்லை, எடை கூடியது. 5 சதவீதமாக இருந்தவர்கள் 8 சதவீதம் ஆனார்கள்.

இன்னொரு பக்கம், ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டம் குலக்கல்வி என்ற எதிர்ப்பில் சிக்கியது. அவர் விலக, 1954 ஏப்ரல் 13-ல் காமராஜர் முதல்வரானார். எட்டே பேர் கொண்ட அவருடைய அமைச்சரவையில் உள்ளாட்சித் துறை ராமசாமி படையாட்சியாருக்கு வந்தது. மாணிக்கவேலு நாயக்கரும் அமைச்சராகத் தொடர்ந்தார். ஆக, எட்டில் இரண்டு. சீட்டுக்காகக் காத்திருந்த சமூகம், இரண்டே வருடத்தில் அமைச்சரவையின் கால் பங்கில் உட்கார்ந்தது.

அதற்குக் கொடுத்த விலை, கட்சி. உழைப்பாளர் கட்சியும் காமன்வீலும் காங்கிரஸில் கரைந்தன.

அதன் பிறகு?

தாங்கள் ஆதரித்தவர்களே காங்கிரஸுக்குப் போனதைப் பார்த்த திமுக, 1956 திருச்சி மாநாட்டில் நேரடியாகத் தேர்தலில் நிற்க முடிவெடுத்தது. அந்த முடிவுக்குப் பல காரணங்கள் இருந்தன, இந்த அனுபவமும் அதில் ஒன்று என்று பார்க்கலாம். 1957-ல் 15 இடம், 1967-ல் ஆட்சி.

ராமசாமி படையாட்சியார் 1980, 1984 தேர்தல்களில் காங்கிரஸ் சார்பில் திண்டிவனம் எம்பி ஆனார். அவர் எம்பியாக இருந்தபோதே, 1987-ல் இட ஒதுக்கீடு கேட்டு வன்னியர் சங்கம் சாலை மறியல் நடத்தியது. 21 பேர் உயிரிழந்தார்கள். 1989-ல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீத ஒதுக்கீடு வந்தது. 1954-ல் கிடைத்த இரண்டு அமைச்சர் பதவி எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

1992-ல் அவர் காலமானார். 2019 ஜூலையில் சட்டமன்றத்தில் அவர் படம் திறக்கப்பட்டது. அதே நவம்பரில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் மணிமண்டபமும் வந்தது. அந்த மாதம்தான் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது.

கரியாலூருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இல்லாததுதான் சம்பந்தம். சென்னையில் குமாரசாமி ராஜா போய் ராஜாஜி வந்தார், ராஜாஜி போய் காமராஜர் வந்தார். கல்வராயன் மலையில் அதே ஜாகீர்தார்கள்தான் இருந்தார்கள். சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், அரிய கவுண்டன் ஜாகீர்கள் என்று மூன்று துண்டாக இருந்த மலை, 1976-ல்தான் அரசின் கைக்கு முழுதாக வந்தது. இடையில் 1967-ல் காங்கிரஸ் ஆட்சியே போய் திமுக வந்துவிட்டது.

சமவெளியில் எண்ணிக்கை இருந்தது, 19 எம்எல்ஏக்களாகத் திரள முடிந்தது, பேரம் பேச முடிந்தது. மலையாளி பழங்குடி மக்களுக்கு அந்த எண்ணிக்கை இல்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி விஷச் சாராய மரணங்களுக்குப் பிறகுதான், கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையைப் பற்றி சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது.

அடுத்த முறை ரிசல்ட் பார்க்கும்போது, யாருக்கு மெஜாரிட்டி என்பதோடு இன்னொன்றையும் பாருங்கள். பேரம் பேசும் மேஜையில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யாருக்கு நாற்காலியே போடவில்லை?